நல்லி எலும்பைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வெள்ளைச் சுவர்: கல்லுக்குள் மாட்டிய செல் எப்படி வளரும்?

சாயப்பட்டறை, திருப்பூர் | ஞாயிறு இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். மதியத்துல இருந்து ஒரு நல்லி எலும்பு எங்க வீட்டு மேஜையை விட்டு இறங்க மாட்டேங்குது. அதான் இங்க வந்தேன்.

பொண்ணு பதினோராவது, பயாலஜி குரூப். குழம்புல வந்த நல்லியைத் தட்டி உறிஞ்சி முடிச்சதும் அதைக் கழுவி எடுத்துக்கிட்டு ஜன்னலோரம் உக்காந்துட்டா. கறிக்கடைக்காரர் ஒரே போடா போட்ட எலும்பு, வெட்டின முகம் ஒரு பக்கம் வழவழன்னு இருக்கு. நடுவுல மஜ்ஜை இருந்த ஓட்டை, சுத்தி 3 மில்லிமீட்டர் கனத்துக்கு வெள்ளைச் சுவர்.

"அப்பா, இந்தச் சுவர்தான் காம்பாக்ட் போன். இதுக்குள்ள செல்லு உயிரோட இருக்குன்னு புக்ல போட்டிருக்கு. கல்லுக்குள்ள மாட்டிக்கிட்ட செல்லு எப்படிப்பா ரெண்டா பிரியும்? பிரிய முடியலேன்னா எலும்பு எப்படி வளரும்?"

நான் பி.காம். சாயத்தைப் பத்திக் கேட்டிருந்தா ரெண்டு மணி நேரம் பேசுவேன். எலும்புன்னா எனக்குக் குழம்புதான். தெரிஞ்சவங்க புரியற மாதிரி சொல்லுங்க. அவளும் பக்கத்துல உக்காந்து படிக்கிறா.

---

கண்ணாடித்தகடு, மதுரை | ஞாயிறு இரவு 10:31

உங்கள் மகளுக்கு முதலில் ஒரு சபாஷ். நான் 18 வருஷமாக முதலாண்டு எம்.பி.பி.எஸ். பிள்ளைகளுக்கு இந்தச் சுவரின் மைக்ராஸ்கோப் ஸ்லைடைக் காட்டுகிறேன். படத்தை எல்லோரும் அழகாக வரைந்துவிடுவார்கள். இந்தக் கேள்வியைக் கேட்கிற ஆள் வருஷத்துக்கு ஒன்று தேறினால் அதிகம்.

பதில்: பிரியாது. கெட்டி எலும்புக்குள் மாட்டிக்கொண்ட செல் அதற்கப்புறம் பிரிவதே இல்லை. (காம்பாக்ட் போனுக்குப் பாடநூல் பெயர் ஊருக்கு ஊர் மாறுகிறது, நான் கெட்டி எலும்பு என்றே எழுதுகிறேன்.) குருத்தெலும்பு உள்ளேயிருந்தே உப்பி வளரும், ஏனென்றால் அதன் கூழ் மென்மையானது, செல் பிரிந்தால் இடம் விட்டுக்கொடுக்கும். எலும்பு அப்படி விடாது. அதற்கு ஒரே வழி மேற்பூச்சு. ஏதாவது ஒரு பரப்பின்மேல் புதிதாக ஒரு பூச்சு விழ வேண்டும். வெளிப்பரப்பு ஒன்று, மஜ்ஜைப் பக்கத்துப் பரப்பு ஒன்று, சுவருக்குள்ளேயே ஓடுகிற சன்னக் குழாய்களின் உட்பரப்பு ஒன்று. எலும்பின் கதை முழுக்க இந்த மூன்று பரப்பில்தான் நடக்கிறது.

பூசுகிற கொத்தனார் ஆஸ்டியோபிளாஸ்ட். முதலில் அது இழைப்பது மெத்தென்ற கொலாஜன் நார்ப் படுகை. சுமார் பத்து நாள் கழித்துத்தான் அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிகமாக இறங்கி இறுகும். பூசிக்கொண்டே போகும்போது சில கொத்தனார்கள் தங்கள் பூச்சுக்குள்ளேயே புதைந்துவிடுவார்கள். அப்படிப் புதைந்ததற்குப் பெயர்தான் ஆஸ்டியோசைட். உங்கள் மகள் "மாட்டிக்கிட்ட செல்" என்றாளே, அதுதான். வளர்ந்த எலும்பில் உள்ள செல்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இப்படிப் புதைந்தவைதான்.

புதைந்த செல் சாகாமல் இருக்கச் சோறு தண்ணீர் வேண்டுமல்லவா? கல்லுக்குள் எதுவும் ஊறிப் போகாது. அதனால் புதைகிறபோதே அந்தச் செல் நாலா பக்கமும் சன்னமான கைகளை நீட்டிப் பக்கத்துச் செல்லின் கையைப் பிடித்துக்கொண்டே புதைகிறது. சுற்றிலும் எலும்பு இறுகினாலும் கைகள் இருந்த இடம் நுண்கால்வாயாக மிஞ்சும். ஒவ்வொன்றும் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான அகலம். இரத்தக் குழாயிலிருந்து கசிகிற திரவம் அந்த வழியாகத்தான் கைமாறிக் கைமாறிப் போகிறது.

கைமாற்றி அனுப்புகிற சோறு எவ்வளவு தூரம் போகும்? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. கெட்டி எலும்பின் வடிவம் முழுவதும் இந்த ஒரு கட்டாயத்தில் பிறந்தது என்பேன். எந்தச் செல்லும் இரத்தக் குழாயை விட்டு அதற்குமேல் தள்ளி இருக்கக் கூடாது. ஆகவே நடுவில் ஒரு குழாய், சுமார் 50 மைக்ரான். அதைச் சுற்றி வளையம் வளையமாக லாமெல்லா, ஒவ்வொன்றும் 3 முதல் 7 மைக்ரான் கனம். மொத்த உருளையின் குறுக்களவு 0.2 முதல் 0.25 மில்லிமீட்டர். இந்த உருளைதான் ஆஸ்டியான். தொடை எலும்பின் சுவர் என்பது நெடுக்குவாட்டில் இப்படிப்பட்ட உருளைகளை நெருக்கி அடுக்கிய கட்டு.

நடுக் குழாய்க்கு ஹாவர்சியன் கால்வாய் என்று பெயர். இங்கிலாந்து மருத்துவர் கிளாப்டன் ஹாவர்ஸ் 1691-இல் எலும்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார், அவர் பெயர் நிலைத்துவிட்டது. அவர் அந்தக் குழாய்களில் ஓடுவது மஜ்ஜையிலிருந்து வரும் எண்ணெய் என்று நினைத்தார். அது தப்பு.

---

வடமராட்சிக்காத்து, யாழ்ப்பாணம் | ஞாயிறு இரவு 11:05

வணக்கம். கண்ணாடித்தகடு சேர் வடிவாச் சொல்லிப்போட்டார். நான் ஏ.எல். பிள்ளையளுக்கு உயிரியல் படிப்பிக்கிறனான். இஞ்சை நாங்கள் எலும்பை என்பு எண்டும் செல்லைக் கலம் எண்டும்தான் சொல்லுறது, அதாலை தமிழ்நாட்டுப் புத்தகத்தைப் பாத்தால் எங்கடை பிள்ளையள் கொஞ்சம் தடுமாறுவினம். சரக்கு ஒண்டுதான்.

தங்கச்சிக்கு ஒரு விசயம். சோதனையிலை வட்டம் வட்டமாக் கீறிப்போட்டு, கலங்களைப் புளியங்கொட்டை மாதிரித் தனித்தனியா வைச்சுப்போட்டு வந்திடுவினம். நுண்கால்வாயைக் கீறாமல் விட்டால் புள்ளி போகும். போகத்தான் வேணும். அது இல்லாட்டில் அந்தக் கலம் செத்த கலம்.

மற்றது, ஹாவர்சின்ரை கால்வாய் எல்லாம் நெடுக்காத்தான் ஓடுது. அப்ப வெளியிலை இருக்கிற குருதிக் குழாய் உள்ளுக்கு எப்பிடி வாறது? அதுக்குத்தான் குறுக்காலை துளைச்சுக்கொண்டு வாற வொல்க்மன் கால்வாய். அதைச் சுத்தி வளையம் இராது. ஒழுங்கை மாதிரி, றோட்டையும் றோட்டையும் இணைக்கிறதோடை அதின்ரை வேலை முடிஞ்சுது.

---

கண்ணாடித்தகடு | ஞாயிறு இரவு 11:12

நன்றி. சேர் இல்லை, மேடம். பரவாயில்லை, இந்தத் தளத்தில் ஆறு வருஷமாக எல்லோரும் சார்தான்.

---

பிரண்டை_ப்ரியன், தஞ்சாவூர் | திங்கள் காலை 6:50

இவ்வளவு எழுதறீங்க, முக்கியமானதை விட்டுட்டீங்களே. ஏழு வருஷத்துக்கு ஒருக்கா உடம்புல இருக்கிற எலும்பு பூரா புதுசா மாறிடும்னு ஒரு காணொளியில டாக்டரே சொன்னார். அப்ப இந்த ஏழு வருஷத்துல நாம என்ன சாப்பிடறோமோ அதான் எலும்பு. வாரம் ஒருக்கா பிரண்டைத் துவையல், மாசம் ரெண்டு தடவை ஆட்டுக்கால் சூப்பு. எங்க பாட்டி 88 வயசுல கிணத்துல தண்ணி சேந்துனாங்க. பொண்ணுக்கு அதைக் கொடுங்க சார், லாமெல்லா தானா வரும்.

---

எலும்புமேடு, சென்னை | திங்கள் காலை 8:15

பிரண்டைத் துவையலோட எனக்குச் சண்டை இல்லை. நல்லெண்ணெயில் நல்லா வதக்கிப் புளி சேர்த்தா நாக்கு அரிக்காது. ஆனா அந்த ஏழு வருஷக் கணக்கை விட முடியாது.

எலும்பு மாறிக்கிட்டே இருக்குங்கறது உண்மை. ஆனா எல்லா இடமும் ஒரே வேகத்துல மாறாது. முதுகெலும்புக்கு உள்ளே இருக்கிற பஞ்சு எலும்பு வருஷத்துக்குச் சுமார் 25 சதவீதம் மாறும். கெட்டி எலும்பு 3, 4 சதவீதம்தான். உடம்பு எலும்பு எடையில 80 சதவீதம் கெட்டி எலும்பு.

சரி, 4 சதவீதம்னா 25 வருஷத்துல பூராவும் மாறிடுமான்னு கேட்டா, அதுவும் இல்லை. சுவத்துல வரிசையா வெள்ளையடிச்சுக்கிட்டு வர்ற வேலை இல்லை இது. கண்ட இடத்துல தோண்டி நிரப்புற வேலை. போன வருஷம் நிரப்பின இடத்தையே இந்த வருஷம் மறுபடி தோண்டலாம், பக்கத்துல முப்பது வருஷப் பழசு தொடப்படாமலே கிடக்கலாம். கூட்டு வட்டியைத் திருப்பிப் போட்டுப் பாருங்க: 0.96-ஐ 25 தடவை பெருக்கினா 0.36. அதாவது 25 வருஷம் கழிச்சும் மூணுல ஒரு பங்குக்கு மேல பழைய எலும்பு அப்படியே இருக்கும்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 1950, 60-களில் அணுகுண்டுச் சோதனைகளால காத்துல கார்பன்-14ங்கற கதிரியக்கக் கார்பன் எகிறுச்சு. அந்தக் காலத்துல வளர்ந்தவங்களோட தொடை எலும்பு கொலாஜனை அவங்க இறந்த பிறகு அளந்து பார்த்திருக்காங்க. விடலைப் பருவத்துல சாப்பிட்ட சாப்பாட்டோட கார்பன் பல பத்து வருஷம் கழிச்சும் அதுல இருந்துச்சு. பொண்ணு இந்த வயசுல போடற எலும்புதான் ரொம்ப நாள் கூட வரும்.

பழசு எங்கே கிடக்குன்னு ஸ்லைடுலயே பார்க்கலாம். முழு வட்டமா இருக்கிற ஆஸ்டியான்களுக்கு நடுவுல அரை வட்டம், கால் வட்டமா உடைஞ்ச துண்டுகள் தெரியும். முன்னாடி முழு ஆஸ்டியானா இருந்தது, புதுசு வந்து கடிச்சுட்டுப் போன மிச்சம். வயசு ஏற ஏற முழு வட்டமும் கூடும், துண்டும் கூடும். 1965-இல் எல்லிஸ் கெர்லி இந்த வட்டங்களையும் துண்டுகளையும் எண்ணியே இறந்தவரோட வயசை மதிப்பிடலாம்னு ஒரு முறை கொண்டு வந்தார். என் படிப்பு இதுதான், தோண்டி எடுத்த எலும்பு. பானைக்குள்ள சாம்பலோட கிடைக்கிற விரல்நீளத் துண்டு மனுஷனுதா மாட்டுதான்னு கேட்டா, சில நேரம் மைக்ராஸ்கோப் மட்டும்தான் பதில் சொல்லும்.

---

சாயப்பட்டறை | திங்கள் இரவு 8:20

படிச்சுக் காட்டினேன். பொண்ணு நேத்து பத்து ரூபா லென்ஸை வெச்சு அந்த நல்லியைப் பார்த்துட்டு, "வட்டமே காணோம்பா, செங்கல் கட்டடம் மாதிரி கோடு கோடா இருக்கு" ன்னா. புக்ல வட்டம்னு போட்டிருக்கே, இவ பார்த்தது என்ன?

---

எலும்புமேடு | திங்கள் இரவு 8:41

ஆஹா. சரியாத்தான் பார்த்திருக்கா! அது ஆட்டு எலும்புங்க. ஆடு, மாடு, பன்றி மாதிரி சீக்கிரம் வளர்ந்து பெருசாகற விலங்குக்கு வட்டம் வட்டமா நிதானமாப் பூச நேரம் இல்லை. வெளிப்பரப்புல அவசரமா ஒரு சாரம் கட்டி, சாரத்துக்கு நடுவுல இருக்கிற இடைவெளியை அப்புறமா நிரப்பும். வெட்டிப் பார்த்தா செங்கல் வரிசை. பிளெக்ஸிஃபார்ம் எலும்புன்னு பேர். கறிக்கடைக்கு வர்றது இளம் ஆடு, அதனால இன்னும் நல்லாத் தெரியும். வயசான மாட்டுல இதையே தோண்டி வட்டம் வந்திருக்கும். ஒரு துண்டு முழுக்கச் செங்கல் வரிசையாவே இருந்தா மனுஷ எலும்பா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மின்னு நாங்க முதல்ல பார்க்கறதே இதைத்தான். பல டைனோசர் எலும்பும் இப்படி அவசரக் கட்டடம்தான். எலிக்குப் பாருங்க, ஹாவர்சியன் வட்டமே பொதுவா கிடையாது. சுவரே அவ்வளவு மெல்லிசு, உள்ளேயும் வெளியேயும் இருக்கிற குழாயே போதும்.

---

கண்ணாடித்தகடு | திங்கள் இரவு 10:10

இப்போது மனிதக் குழந்தைக்கு வருவோம், ஏனென்றால் கேள்வி வளர்ச்சியைப் பற்றியது.

கருவில் தொடை எலும்பு முதலில் குருத்தெலும்பு பொம்மையாகத்தான் இருக்கிறது. எட்டாவது வாரம் வாக்கில் அதன் இடுப்பைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல ஒரு எலும்புப் பட்டை விழும். கெட்டி எலும்புக்கு அதுதான் பிள்ளையார் சுழி. பிறகு பட்டையைத் துளைத்துக்கொண்டு இரத்தக் குழாய் உள்ளே போகும், உள்ளிருந்த குருத்தெலும்பு கரைந்து மஜ்ஜைக்கு இடம் விடும், பட்டை இரு முனைகளையும் நோக்கி நீளும்.

அந்த முதல் எலும்பு அவசரத்தில் இழைத்தது. கொலாஜன் நார்கள் கன்னாபின்னாவென்று கிடக்கும். பிறந்த குழந்தையின் ஸ்லைடில் ஒழுங்கான வட்டங்களைத் தேடினால் ஏமாறுவீர்கள். முதல் சில வருஷங்களில்தான் அது கரைக்கப்பட்டு, அடுக்கடுக்கான லாமெல்லா எலும்பு வருகிறது. அதில் நார்கள் ஒரு அடுக்கில் ஒரு சாய்வு, அடுத்த அடுக்கில் வேறு சாய்வு. தச்சர்களுக்குச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள்: ப்ளைவுட். எந்தப் பக்கம் முறுக்கினாலும் ஏதோ ஒரு அடுக்கு தாங்கும்.

பருமன் கூடுவது எப்படி? எலும்பைப் போர்த்தியிருக்கும் உறையின் அடியில் நீளவாக்கில் ஓடும் இரத்தக் குழாயின் இரு பக்கமும் எலும்பு வரப்பாக எழும்பும். வரப்புகள் மேலே வளைந்து ஒட்டிக்கொண்டதும் வாய்க்கால் மூடிய குழாயாகிவிடும். பிறகு குழாயின் உட்சுவரில் பூச்சு மேல் பூச்சு விழுந்து வளையங்கள் உண்டாகும். இது முதல் தலைமுறை ஆஸ்டியான். வெளியே இப்படிப் பூசப்பூச உள்ளே மஜ்ஜைப் பக்கம் கரைந்துகொண்டே போகும். அதனால்தான் சுவர் அளவோடு தடித்து ஓட்டை மட்டும் பெரிதாகிறது. பிறந்த குழந்தையின் தொடை எலும்புத் தண்டை வளர்ந்தவரின் மஜ்ஜைக் குழிக்குள் செருகிவிடலாம். அதாவது உங்கள் மகள் பிறந்தபோது அவளுக்கு இருந்த சுவரில் இன்று பெரும்பாலும் எதுவும் மிச்சமில்லை. அது இருந்த இடத்தில் இப்போது மஜ்ஜை இருக்கிறது.

நீளம் தண்டில் வளர்வதில்லை. 1727-இலேயே ஸ்டீபன் ஹேல்ஸ் கோழிக்குஞ்சின் கால் எலும்பில் இரண்டு துளை போட்டு வைத்தார். கோழி வளர்ந்தது, எலும்பு நீண்டது, துளைகளுக்கு இடையே இருந்த தூரம் மாறவில்லை. முனைகளில் இருக்கும் குருத்தெலும்புத் தட்டுதான் நீளத்துக்குப் பொறுப்பு.

சாயப்பட்டறை, அடுத்தது உங்களுக்காகவே எடுத்து வைத்தது. 1736. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் பெல்ச்சியர் ஒரு காலிகோ துணி அச்சடிப்பவர் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறார். பன்றிக் கறி பரிமாறுகிறார்கள். எலும்பு சிவப்பு! விசாரித்தால், மேடர் என்ற செடியின் வேரில் சாயம் ஏற்றிய துணியை வெளுக்கத் தவிட்டில் கொதிக்க வைப்பார்களாம், அந்தத் தவிட்டைத்தான் பன்றிகளுக்குத் தின்னப் போட்டிருக்கிறார்கள். பெல்ச்சியர் ஒரு சேவலுக்கு மேடரைக் கொடுத்துப் பார்க்கிறார். அதற்கும் எலும்பு சிவக்கிறது. பிரான்சில் டுஹமெல் டு மான்சோ இன்னும் ஒரு படி போனார்: சில வாரம் மேடர், சில வாரம் வெறும் தீனி என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார். எலும்பை வெட்டினால் சிவப்பு வளையம், வெள்ளை வளையம், மறுபடி சிவப்பு. சாயம் உடம்பில் இருந்த நாட்களில் விழுந்த பூச்சு மட்டும் சிவந்திருந்தது.

---

சாயப்பட்டறை | திங்கள் இரவு 10:38

மேடம், புல்லரிச்சுப் போச்சு. மேடர்ல இருக்கிறது அலிசரின். நம்ம சோழமண்டலக் கரையில சாயவேர்னு ஒண்ணு தோண்டுவாங்க, அதுலயும் இதே சரக்குதான். அது துணியில சும்மா ஒட்டாது, படிகாரம் வேணும். உலோகத்தைப் பிடிச்சுக்கிட்டாத்தான் சிவப்பு நிக்கும். அப்ப எலும்புல படிகாரத்தோட வேலையைக் கால்சியம் பார்த்திருக்கு! அதான் ஏற்கனவே இறுகிப்போன எலும்புல ஏறாம, அன்னைக்குப் படியற கால்சியத்தோட மட்டும் சேர்ந்து இறங்கியிருக்கு. இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், இது எலும்புல ஏறும்னு இன்னைக்குத்தான் தெரியும்.

அந்தக் காலிகோவும் நம்ம கோழிக்கோட்டுப் பேருதான், சொல்லி வெச்சிடறேன்.

---

கண்ணாடித்தகடு | திங்கள் இரவு 10:52

வேதியியலை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். அதே தந்திரம் இன்றும் நடக்கிறது. எலும்பு நோய் உள்ளவருக்கு டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைச் சில நாள் கொடுத்து, இடைவெளி விட்டு மறுபடி கொடுத்து, இடுப்பெலும்பில் ஒரு துணுக்கு எடுப்பார்கள். புற ஊதா ஒளியில் இரண்டு மஞ்சள் கோடுகள் மின்னும். கோட்டுக்குக் கோடு தூரத்தை நாட்களால் வகுத்தால் பூச்சு வேகம் கிடைத்துவிடும்: நாளுக்கு ஒரு மைக்ரானை ஒட்டி. எட்டு வயசுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த மாத்திரையைப் பொதுவாகத் தவிர்ப்பதும் இதனால்தான், வளர்கிற பல்லில் மஞ்சளாகத் தங்கிவிடும்.

---

ஆறு_ஸ்குரூ, சேலம் | செவ்வாய் மதியம் 2:05

சார், மேடம், எல்லாருக்கும் வணக்கம். தலைப்புக்கு வெளியே போறேன்னா மன்னிக்கணும். அஞ்சு மாசம் முன்னாடி பைக்ல இருந்து விழுந்து வலது முன்கையில ரெண்டு எலும்பும் போச்சு. ரெண்டுலயும் பிளேட், பிளேட்டுக்கு ஆறு ஸ்குரூ. வலி இல்லை, கை நல்லா வேலை செய்யுது. ஆனா எக்ஸ்ரேயில உடைஞ்ச இடத்துல முட்டு மாதிரி எதுவும் வரலை. எங்க சித்தப்பா கால் உடைஞ்சு மாவுக்கட்டு போட்டப்ப எக்ஸ்ரேயில பெரிய உருண்டையா வந்துச்சு. "அவருக்கு ஒட்டுச்சு, உனக்கு ஒட்டலை, புத்தூர் கட்டு கட்டியிருக்கலாம்" னு வீட்ல ஒரே பேச்சு. ஆஸ்பத்திரியில கேட்டா படத்தை ரெண்டு செகண்ட் தூக்கிப் பார்த்துட்டு "நல்லாருக்கு, அடுத்த மாசம் வாங்க" ன்னு சொல்லி அனுப்பிடறாங்க. எதை நம்பறது?

---

கண்ணாடித்தகடு | செவ்வாய் இரவு 9:20

நான் உங்கள் படத்தைப் பார்க்கவில்லை, சிகிச்சை மருத்துவரும் இல்லை. ஆனால் "முட்டு வரலை" என்பது மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை என்று சொல்ல முடியும், அதுவும் இந்த இழைக்கு நேராகவே பொருந்துகிறது.

உங்கள் சித்தப்பாவுக்கு நடந்தது: மாவுக்கட்டுக்குள் உடைந்த முனைகள் கொஞ்சம் அசையும். அசைகிற இடத்தில் உடம்பு முதலில் குருத்தெலும்பும் அவசர எலும்பும் போட்டு உருண்டையாகக் கட்டும். அதுதான் முட்டு. பிறகு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில், அதைச் செதுக்கி ஒழுங்கான கெட்டி எலும்பாக்கும். கருவில் நடந்ததன் மறு ஒளிபரப்பு. நாட்டுக் கட்டிலும் ஒட்டுகிற எலும்பு இந்த வழியில்தான் ஒட்டுகிறது.

உங்களுக்கு நடப்பது வேறு. தகடு வைத்து இரு முனைகளையும் இடைவெளி இல்லாமல் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். அசைவு இல்லை, அதனால் முட்டுக்கு வேலை இல்லை. அங்கே நேராகத் துரப்பணம் நடக்கும். உங்கள் எலும்பில், என் எலும்பில், இப்போது இதைப் படிப்பவர் எலும்பிலும் நடந்துகொண்டிருக்கும் அதே துரப்பணம்தான்: முன்னால் ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற பெரிய செல்கள், ஒவ்வொன்றுக்கும் பல உட்கருக்கள். அமிலத்தைச் சுரந்து தாதுவைக் கரைக்கும், நொதியால் கொலாஜனை அறுக்கும். இப்படி நாளுக்குச் சுமார் 40 மைக்ரான் முன்னேறும். ஒரு மில்லிமீட்டர் தாண்ட 25 நாள். பின்னாலேயே ஒரு இரத்தக் குழாய் வளர்ந்து வரும். அதற்கும் பின்னால் ஆஸ்டியோபிளாஸ்ட் வரிசை, சுரங்கத்தின் சுவரிலிருந்து நடுவை நோக்கிப் பூசிக்கொண்டே வரும். சுவர் கனம் 0.1 மில்லிமீட்டர், பூச்சு நாளுக்கு ஒரு மைக்ரான். நீங்களே வகுத்துப் பாருங்கள், ஒரு ஆஸ்டியான் நிரம்ப மூன்று மாதத்துக்கு மேல்.

இந்தச் சுரங்கம் உடைப்புக் கோட்டை நேராகத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகும். நிரம்பியதும் ஒரு ஆஸ்டியான் இரு துண்டுகளுக்கும் ஆணி அடித்ததுபோல நிற்கும். இப்படி ஆயிரக்கணக்கில். எக்ஸ்ரேயில் உருண்டை தெரியாது, கோடு மட்டும் மெல்ல மெல்ல மங்கும். உங்கள் மருத்துவர் இரண்டு நொடியில் பார்த்தது அந்தக் கோட்டைத்தான் என்று நினைக்கிறேன். இதை அவர் இரண்டு நிமிஷம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் உங்களுக்கு இத்தனை தூக்கம் போயிருக்காது. அதில் உங்கள் கோபம் நியாயம்.

பிளேட்டைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். எடுத்த பிறகும் ஸ்குரூ இருந்த ஓட்டைகள் நிரம்புகிற வரை அந்தக் கை பலவீனமான கைதான்.

---

ஆறு_ஸ்குரூ | செவ்வாய் இரவு 9:44

கோடு மங்கியிருக்கு மேடம்! முதல் படத்தையும் இப்ப எடுத்ததையும் ட்யூப்லைட் முன்னாடி பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டிட்டேன்.

---

பிரண்டை_ப்ரியன் | புதன் காலை 6:30

ஏழு வருஷக் கணக்கை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா பாட்டி விஷயத்துல பின்வாங்க மாட்டேன். அவங்க சூப்பு மட்டும் குடிக்கலை, தண்ணியும் சேந்துனாங்க. அது கணக்குல வருமா?

---

எலும்புமேடு | புதன் காலை 7:58

வரும், அதுதான் பெரிய கணக்கு. எலும்பு வளையும்போது அந்த நுண்கால்வாய்கள்ல இருக்கிற திரவம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளப்படும். புதைஞ்சு கிடக்கிற செல்லு அதை உணரும். பளு இல்லைன்னா அது ஸ்கிளீரோஸ்டின்னு ஒண்ணைச் சுரந்து பூச்சு வேலையை நிறுத்தச் சொல்லும். பளு இருந்தா அந்தச் சுரப்பு குறையும். சின்ன வயசுல இருந்தே டென்னிஸ் ஆடறவங்களுக்கு மட்டை பிடிக்கிற கையோட எலும்புச் சுவர் இன்னொரு கையை விடத் தடிமன். விண்வெளி நிலையத்துல மிதக்கறவங்களுக்கு இடுப்பெலும்பு மாசத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் போயிடும். பாட்டியோட கிணத்துக்கு ஒரு கும்பிடு போடுங்க.

---

நெறியாளர் | புதன் காலை 9:00

பாட்டி, பிரண்டை, புத்தூர் மூன்றுக்கும் சித்த மருத்துவப் பகுதியில் தனி இழை இருக்கிறது. இங்கே எலும்பை மட்டும் தொடரவும்.

---

சாயப்பட்டறை | புதன் இரவு 8:15

மேடம், பொண்ணு அந்தச் செங்கலை மைக்ராஸ்கோப்ல பார்க்கணும்ங்கறா. அவங்க ஸ்கூல்ல ஒண்ணு இருக்காம். எலும்பை எப்படி ஸ்லைடு ஆக்கறது? பிளேடு வெச்சா பிளேடு போயிடும்.

---

கண்ணாடித்தகடு | புதன் இரவு 9:30

இரண்டு வழி. ஒன்று, அமிலத்தில் ஊறப்போட்டுத் தாதுவைக் கரைத்துவிட்டு, ரப்பர் மாதிரி ஆனதை வெட்டிச் சாயமேற்றுவது. கோழி எலும்பை வினிகரில் சில நாள் போட்டு வளைத்துக் காட்டுவார்களே, அதே சங்கதி. எங்கள் ஆய்வகத்தில் ஊசியால் குத்திப் பார்ப்போம், நறநறவென்றால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். இது வீட்டுக்கு வேண்டாம்.

இரண்டாவது, தேய்ப்பது. எலும்பைச் சோப்புத்தூள் தண்ணீரில் நாலைந்து நாள் ஊறவைத்து எண்ணெய் இறங்கவிடுங்கள், குழம்பு எலும்புக்கு ஒரு வாரம்கூட ஆகும். காய்ந்ததும் ஹேக்ஸா பிளேடால் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு வில்லை. தடிமனான கண்ணாடித் துண்டின்மேல் நீர்த்தாள் உப்புத்தாளை ஒட்டி, தண்ணீர் விட்டுக்கொண்டே விரலால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். உலர்வாகத் தேய்க்காதீர்கள், அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகக் கூடாது. 220 எண் தாளில் தொடங்கி 600, பிறகு 1000. வில்லையைச் செய்தித்தாள்மேல் வைத்தால் எழுத்து தெரிய வேண்டும், அதுவரை நிறுத்தக் கூடாது. என் முதல் வில்லைக்கு மூன்று மாலை ஆயிற்று. கடைசித் தேய்ப்பில்தான் உடையும், சொல்லிவிட்டேன்.

---

சாயப்பட்டறை | பதினெட்டு நாள் கழித்து, ஞாயிறு மாலை 5:10

முதல் வில்லை நீங்க சொன்ன அதே இடத்துல, எழுத்து தெரிய ஆரம்பிச்சப்ப, படக்குன்னு ரெண்டாப் போச்சு. பொண்ணு அழலை, நான்தான் சோர்ந்துட்டேன். ரெண்டாவது வில்லை நேத்து முடிஞ்சுது. தினத்தாளோட விளம்பர எழுத்து பளிச்சுன்னு தெரிஞ்சுது. ஸ்கூல்ல சும்மா கண்ணாடிமேல வெச்சுப் பார்த்தாங்களாம்: செங்கல் வரிசை, வரிசைக்குள்ள கறுப்புக் கறுப்பா சிலந்தி மாதிரி. ஒவ்வொரு சிலந்திக்கும் எண்ண முடியாத கால். "அப்பா, எல்லாம் கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு" ன்னு ஓடி வந்தா.

அப்புறம்தான் சோதனை. நல்லாத் தெரியட்டும்னு டீச்சர் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மேல மெல்லிசா ஒரு கண்ணாடிச் சில்லு போட்டிருக்காங்க. பத்து நிமிஷத்துல காலெல்லாம் ஒண்ணொண்ணா மறைஞ்சு போச்சாம். இப்ப வெறும் செங்கல்தான் இருக்கு. எண்ணெய் கரைச்சிடுச்சா?

---

கண்ணாடித்தகடு | ஞாயிறு மாலை 6:02

எதுவும் கரையவில்லை. அவள் பார்த்த கறுப்பு செல் இல்லை, செல் எப்போதோ போய்விட்டது. அது இருந்த குழியிலும் கால்வாயிலும் புகுந்திருந்த காற்று. காற்று ஒளியைத் திருப்பி அடிப்பதால் கறுப்பாகத் தெரிந்தது. எண்ணெய் உள்ளே ஊறிக் காற்றைத் துரத்திவிட்டது. எண்ணெய் போன வழியும் அவள் கேட்ட அதே வழிதான், குழாயிலிருந்து கைமாறிக் கைமாறி.

திருப்பி எடுப்பது கஷ்டம். மிச்ச நல்லி இருந்தால் இன்னொரு வில்லை அறுங்கள். இந்த முறை உலர்ந்தபடியே வைத்து, சில்லின் ஓரத்தில் மட்டும் நகப்பூச்சு.

---

சாயப்பட்டறை | ஞாயிறு மாலை 6:09

அறுத்துக்கிட்டு இருக்கா மேடம்.